பிறெடியின் ஆகாரம்

யாராவது சராசரி என்ற சொல்லை வாயில் எடுத்தால் போதும், பிறெடி உடனே, "எந்தச் சராசரி?" என்று கேட்பார். நிஷாந்திக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுடைய தகப்பன் அப்படித்தான். கேள்வியில் நக்கல் இருக்காது. கடைக்காரர், "சம்பா அரிசியா நாட்டரிசியா?" என்று கேட்பதைப் போலக் கேட்பார். பதில் வராமல் அடுத்த கதைக்குப் போகமாட்டார்.

கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் ஒருநாள் ஒரு பெரியவர், சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"எந்தச் சராசரி ஐயா? மூண்டு பஸ் வாலைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டு, பிறகு அரை மணித்தியாலம் ஒண்டும் வராட்டி, கணக்குக்கு உங்கட பத்து நிமிசம் சரிதான். நிக்கிற எனக்குத்தான் சரியில்லை."

ஞாயிறு பூசையில் சுவாமியார், "சராசரி மனிதர்களாகிய நாம்" என்று பிரசங்கத்தைத் தொடங்கினால், பக்கத்தில் இருக்கும் மரியகொறற்றி கணவருடைய முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். முன்வாங்கில் இருக்கும் சனம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

பிறெடி படித்த தமிழ்மொழிக் கணிதத்தில் சராசரி என்று மொட்டையாக ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் பிரித்தால் வருவது இடை. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் அது இடையம். எது அதிகத் தடவை வருகிறதோ அது ஆகாரம். இலங்கையில் தமிழில் கணக்குப் படித்த எந்தப் பிள்ளைக்கும் இந்த மூன்றும் தெரியும். பரீட்சை முடிந்ததும் மறந்தும் போகும். நிஷாந்திக்கு மறந்துபோனது. அவள் முகாமைத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. புள்ளிவிபரவியலில் நல்ல பெறுபேறும் எடுத்தாள். ஆனால் அந்தப் பாடத்திலிருந்து என்ன மிச்சம் என்று யாரும் கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. பட்டம் கையில் கிடைத்த பிறகு வேலை தேடிக்கொண்டிருந்த மாதங்களில் அவளே அதைத் தன்னிடம் அடிக்கடி கேட்டாள்.

பிறெடிக்கு மறக்கவில்லை. உயர்தரத்தில் கணிதம் எடுத்து, பல்கலைக்கழகத்துக்கு மட்டுமட்டாகத் தவறிப்போனவர். கொச்சிக்கடையில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு களஞ்சியத்தில் மூடை எண்ணும் கிளாக்கராகச் சேர்ந்தார். அந்தக் களஞ்சியம் மூடப்பட்டதும் வெள்ளவத்தையில் நவரத்தினத்தின் கொமினிக்கேசன் கடைக்குப் போனார். போட்டோக் கொப்பி, தட்டச்சு, விசாப் படிவம், கலியாணக் காட், எல்லாம் செய்யும் கடை அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த கொம்பியூட்டர்தான் அவருடைய இடம்.

அந்தக் கடைக்குத் தமிழில் ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் வருவார்கள். ஆசிரியப் பயிற்சிக்காரர், வெளிவாரியாகப் பட்டம் படிப்பவர்கள், இப்படி. கையில் வினாக்கொத்து இருக்கும். அதை எண்ணாக்கி, இரண்டு கூட்டத்துக்கு இடையில் தெரியும் வித்தியாசம் உண்மையானதா, தற்செயலா என்று சோதித்துக் காட்டவேண்டும். அதற்கென்று விற்கும் மென்பொருளை வாங்க யாருக்கும் வசதியில்லை. திருட்டுக் கொப்பியைப் பென் டிரைவில் கொண்டுவந்தார்கள், அதோடு வைரசும் வந்து கடையின் மெசின் ஒன்றைத் தின்றது. இனிமேல் இலவசமானதை மட்டும் போடு என்று நவரத்தினம் கட்டளையிட்டார்.

அப்படித்தான், கட்டம் போட்ட கணக்குத் தாளாகத் திரையில் விரியும் ஒரு திறந்த மூல விரிதாள் பிறெடியின் கைக்கு வந்தது. யாரும் இலவசமாகப் பாவிக்கலாம். உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யலாம். கூட்டல் கழித்தலுக்கு அது தாராளம். ஆனால் பிள்ளைகள் கேட்ட சோதனைகளுக்கு முழநீளச் சூத்திரம் எழுதவேண்டும். ஒரு அடைப்புக்குறி தவறினால் எல்லாம் தவறும். பிறெடி முதலில் தன் வசதிக்கு ஒரு சின்னக் கட்டளைத் தொகுதி எழுதினார். பிறகு இன்னொன்று. நாளடைவில் விரிதாளின் மேல்வரிசையில் 'புள்ளிவிபரம்' என்று ஒரு மெனு வந்து உட்கார்ந்தது. அதைத் தட்டினால் இடை, இடையம், ஆகாரம், நியம விலகல் என்று தொடங்கி, பிள்ளைகள் கேட்கும் சோதனைகள் வரை எல்லாம் தமிழில் இறங்கின.

அந்த மெனுவை அவரைவிட அதிகமாகப் பாவித்தவர் லுத்பியா ரீச்சர். பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிப்பவர், தவணைப் பரீட்சைத் தாள் அடிக்கக் கடைக்கு வருபவர். பிறெடி தன்னுடைய மெனுவை அவருடைய மடிக்கணினியில் போட்டுக்கொடுத்தார். ரீச்சர் வகுப்புப் புள்ளிகளை அதற்குள் கொட்டி, பிழை பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். முதலில் பிடித்த பிழையே பெரியது. பரீட்சைக்கு வராத பிள்ளைகளின் வெற்றுக் கட்டங்களை மெனு பூச்சியமாக எடுத்துக் கூட்டியிருந்தது.

"வராத புள்ளைக்கு சைபர் போடுறதா பிறெடி? அது வரல்ல, அவ்வளவுதான். சைபர் எடுக்கல்லயே."

பிறெடி அன்று முழுக்க முகம் சிவந்துபோய் இருந்தார் என்று நவரத்தினம் பிறகு சொன்னார். பிழையைத் திருத்தியபின் ரீச்சரிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். அந்த விரிதாளுக்குள் உதவி என்ற இடத்தைத் திறந்தால், அதை ஆக்கிய உலகத்து ஆட்கள் எல்லாருடைய பெயரும் ஒரு பட்டியலாக ஓடும். தன்னுடைய மெனு என்றைக்கு அந்த விரிதாளுக்குள்ளேயே சேர்க்கப்படுகிறதோ, அன்றைக்கு அந்தப் பட்டியலுக்கு முதலில் ரீச்சரின் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் தன் பெயரைக் கொடுப்பார். ரீச்சர் சிரித்தார். ஆனால் பேரை ஆங்கிலத்தில் எப்படி எழுதவேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

சேர்ப்பது அவசியம் என்பதற்குப் பிறெடியிடம் ஒரு காரணம் இருந்தது. விரிதாளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவருடைய மெனு உடைந்துவிடும். அவர் இருந்து திரும்பப் பொருத்தவேண்டும். வீட்டில் அதை ஒருமுறை சொன்னார். "வெளியில இருந்தா நான் இருக்குமட்டுந்தான் ஓடும். உள்ளுக்குப் போயிட்டா நான் செத்தாலும் ஓடும்." மரியகொறற்றி, ஞாயிற்றுக்கிழமை பார்த்து இப்படிச் சாவு கதைக்கிறதா என்று ஏசிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிறுகளில், பூசை முடிந்து வந்தபின், அவர் மெனுவை ஒழுங்காக எழுதி அந்த விரிதாளின் தொண்டர்களுக்கு அனுப்பினார். கணக்குப் பகுதியைப் பார்த்தவர்கள் சில கேள்வி கேட்டார்கள், திருத்தினார், நல்லது என்றார்கள். சொற்களில்தான் முட்டுப்பட்டது. தமிழ்ச் சொற்களைப் பார்க்கும் தொண்டர் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த அழகர் என்பவர். அவர் மரியாதையாகத்தான் எழுதினார். தமிழுக்கு ஒரு சொல்தொகுதிதான் உண்டு, அதில் சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் என்று ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மாறவேண்டும் என்றார். கடைசியில் ஒரு சின்னப் பகிடியும் சேர்த்திருந்தார். புள்ளிவிபர மெனுவில் இடுப்பையும் சாப்பாட்டையும் பார்த்ததும் ஏதோ மருத்துவமனை மென்பொருள் என்று நினைத்துவிட்டாராம்.

பிறெடி அதை லுத்பியா ரீச்சருக்கு வாசித்துக் காட்டினார். ரீச்சர் கொப்பி எடுத்த தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"எங்கட புள்ளைகளுக்கு முகடுண்டா வீட்டுக் கூர. ஆகாரம்ண்டாத்தான் கணக்கு. ஓ.எல். பரீட்சப் பேப்பர்ல அப்படித்தானே வருது?"

அதையே பிறெடி பதிலாக எழுதினார். அழகர் யோசிப்பதாகச் சொன்னார். யோசனை ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. இலங்கைத் தமிழுக்குத் தனியாக ஒரு தொகுதி வைக்கலாமா என்று அவர்களுக்குள் கதைத்தார்கள், பார்க்க ஆள் இல்லை என்று விட்டார்கள். பிறகு ஒரு பெரிய புதிய பதிப்பு வரப்போகிறது என்ற அறிவித்தல் வந்தது. பழைய மெனுக்கள் அதில் அடியோடு ஓடாது. பிறெடி இறங்கிப்போனார். சொல் அவர்களுடையதாக இருக்கட்டும், மெனு உள்ளே போனால் சரி. அழகருக்கு அப்படியே எழுதி, மாற்றி அனுப்புவதாக ஒத்துக்கொண்டார்.

பிழை நடந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையில் சனம் நெரிந்த நேரத்தில். இடை வருகிற இடமெல்லாம் சராசரி என்று மாற்று என விரிதாளுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிட்டு, கலியாணக் காட் அடிக்கத் திரும்பினார். அது சொன்னதைச் செய்தது. இடை என்ற எழுத்து எந்தச் சொல்லுக்குள் இருந்தாலும் பிடித்து மாற்றியது. இடைவெளி சராசரிவெளி ஆனது. இடையம் சராசரியம் ஆனது. நீண்ட கணக்கை நடுவில் நிறுத்த அவர் வைத்திருந்த 'இடைநிறுத்து' பொத்தானில் 'சராசரிநிறுத்து' என்று வந்து உட்கார்ந்தது. இடை என்பதைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனை சொற்கள் நடமாடுகின்றன என்று தமிழில் எழுதுகிற எவருக்கும் தெரியும். பிறெடிக்கும் தெரியும். சரிபார்க்காமல் அனுப்பிவிட்டார்.

பதில் அடுத்த வாரமே வந்தது, இந்தமுறை இன்னொரு தொண்டரிடமிருந்து, ஆங்கிலத்தில். அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆக்கிய குப்பைகள் தங்களுக்குக் குவிகின்றன என்றும், இந்தத் தமிழைப் பார்த்தால் மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை என்றும், இயந்திரம் எழுதியதைத் தாங்கள் ஏற்பதில்லை என்றும் அதில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் விளக்கம் வராவிட்டால் முழு விண்ணப்பமும் மூடப்படும்.

பிறெடி எழுந்து நின்றுதான் அதை வாசித்தாராம்.

"என்னை மெசின் எண்டுறாங்கள் அண்ணை."

"நல்லதுதானே பிறெடி," என்றார் நவரத்தினம். "மெசினுக்குச் சாப்பாடும் வேண்டாம், லீவும் வேண்டாம்."

எதற்கும் சிரிக்கும் மனிதர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அது தன் மனத்தில் இன்னும் குத்துகிறது என்று நவரத்தினம் நிஷாந்தியிடம் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னார். ஏனென்றால் விளக்கம் எழுதத் தொடங்கிய அந்தக் கிழமையே பிறெடிக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியில் சரிந்துகிடந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது.

பேச்சு முழுதாகப் போகவில்லை. ஒரு சொல் மிச்சமிருந்தது.

வார்ட்டில் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வாயைக் கோணி, முயன்று, "ஆகாரம்," என்றார். மரியகொறற்றிக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அதே சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆகாரம், மின்விசிறி வேண்டுமென்றாலும் ஆகாரம், யாரும் வந்து தலைமாட்டில் நின்றாலும் ஆகாரம். இந்த மனுசன் ஒருநாளும் சாப்பாட்டை இப்படிக் கோயில் தமிழில் கேட்டதில்லையே என்று மரியகொறற்றிக்கு அதிசயமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கோப்பையோடு வந்தாள். அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"கேக்கிறார், தந்தா வேண்டாமெண்டுறார். நான் என்ன செய்ய பிள்ளை?"

அது சாப்பாடில்லை அம்மா, கணக்குச் சொல் என்று நிஷாந்தி சொல்லிப் பார்த்தாள். மரியகொறற்றி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பசியோடு கிடக்கிறவர் கணக்கா சொல்லுவார் என்ற பார்வை. அதற்குப் பிறகு நிஷாந்திக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூளையில் எந்த அறை உடைந்து எந்தச் சொல் வெளியே விழுகிறது என்று யாருக்குத் தெரியும். அது கணக்கும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் வெறும் சத்தமாகவும் இருக்கலாம்.

விளக்கத்துக்குக் கொடுத்த மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. நிஷாந்தி தகப்பனுடைய மடிக்கணினியைத் திறந்தாள். அவர் எழுதிய கட்டளைகளை மேலிருந்து கீழே ஓடவிட்டுப் பார்த்தாள். பாதிக்கு மேல் விளங்கவில்லை. விளக்கமாவது எழுதுவோம் என்று தன் ஆங்கிலத்தில் எழுதினாள்: என் தகப்பன் இதையெல்லாம் தானே கையால் அடித்தார், ஒரு சொல்லை மாற்றும்போது பிழை நடந்தது, இப்போது அவர் கடுமையான வருத்தத்தில் படுக்கையில் கிடக்கிறார். எழுதியதை வாசிக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. பட்டதாரி எழுதுகிற ஆங்கிலமா இது? நேர்முகப் பரீட்சைகளில் தலையைக் குனிய வைத்த அதே ஆங்கிலம். கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அதைப் போட்டு, திருத்தித் தரச் சொன்னாள். வழவழவென்று அழகான கடிதம் ஒன்று வந்தது. தகப்பனுடைய மின்னஞ்சல் கணக்கிலிருந்து அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. இந்தக் கடிதமும் இயந்திரம் எழுதியதாகவே தெரிகிறது, வருந்துகிறோம், விண்ணப்பம் மூடப்படுகிறது.

அன்று பின்னேரம் தகப்பனுக்கு முகம் துடைத்துவிடும்போதுதான் அது தலையில் அடித்தது. அழகருக்குத் தமிழ் தெரியும். தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கும்போது, தன்னால் எழுதமுடிந்த ஒரே மொழியை விட்டு, எழுதவராத மொழியில் இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்து, மெசின் என்ற பழியைத் தானே கொண்டுபோய்த் தகப்பன்மேல் ஒட்டியிருக்கிறாள். உத்தியோகம் என்றால் ஆங்கிலம் என்று அவளுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? யாரும் சொல்லவில்லை. எல்லாரும் சொன்னார்கள்.

அழகருக்குத் தமிழில் எழுதினாள். திருத்தவில்லை, வந்தபடி எழுதினாள். அவர் அன்றே பதில் போட்டார். மிகவும் வருந்தினார், இடுப்பும் சாப்பாடும் என்று பகிடி செய்ததற்கும் மன்னிப்புக் கேட்டார். மூடியதைத் திரும்பத் திறக்கத் தன்னால் முடியும் என்றார். ஆனால் முதல்முறை கொடுப்பவர் எவரும், தன் எழுத்தை யாரும் தாராளமாகப் பாவிக்கலாம் என்று ஒரு வரி தானே எழுதி அனுப்பவேண்டும். பிறெடி அதை இன்னும் அனுப்பவில்லை. அது இல்லாமல் ஒரு எழுத்தைக்கூட உள்ளே எடுக்க முடியாது. அந்த வரி மற்றவர் எழுதினால் செல்லாது.

பிறெடி ஏன் அனுப்பாமல் விட்டார் என்பது நிஷாந்திக்குத் தெரியும். சேர்ப்பது நிச்சயமாகட்டும், பிறகு அனுப்புவோம் என்று வைத்திருந்தார். சம்பந்தம் பேசி முடியாமல் மோதிரம் வாங்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் அவர்.

தகப்பனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, மடிக்கணினியை அவருடைய மடியில் வைத்தாள். மெனுவைத் திறந்து காட்டினாள். அவர் உற்றுப் பார்த்தார். இடது கை விரல் மெல்ல எழுந்து போய், 'சராசரிநிறுத்து' என்ற பொத்தானில் நின்றது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அது அந்த வாதத்தில் எதற்கும் வரும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வரியை அவளே அடித்து வைத்திருந்தாள். அனுப்பும் பொத்தானை அவருடைய விரலுக்குக் கீழே கொண்டுவந்தாள்.

"டடி, இதை அனுப்பினால் உங்கட மெனுவை எல்லாரும் பாவிக்கலாம். அனுப்பட்டா? ஓமெண்டால் கண்ணை மூடுங்கோ."

அவர் கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்தார்.

"டடி, ஓமா?"

"ஆகாரம்," என்றார்.

குசினியிலிருந்து மரியகொறற்றி கோப்பையோடு வந்தாள்.

நிஷாந்தி அந்த வரியை அனுப்பவில்லை. கடவுச்சொல் அவளிடம் இருந்தது. அனுப்பியிருந்தால் அழகரும் கேட்டிருக்கமாட்டார். ஓம் என்று சொல்லாத வாயிலிருந்து ஓமை எப்படி எடுப்பது என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. அது நேர்மையா, இல்லாவிட்டால் இன்னொரு முறை பிடிபடுவோம் என்ற பயமா என்று அவள் பிறகு பலமுறை தன்னைக் கேட்டுப் பார்த்தாள். கேட்கும்போதெல்லாம் விடை மாறி மாறி வந்தது.

தவக்காலம் பிறந்து கொஞ்ச நாளில் பிறெடி போய்ச் சேர்ந்தார். இரண்டாவது முறை வந்த வாதம். அந்தக் கடைசிச் சொல்லையும் அது முதல்நாளே பிடுங்கிவிட்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் செபத்துக்கு லுத்பியா ரீச்சரும் வந்தார். ஓரமாக இருந்து, எல்லாம் முடிந்து சனம் சாப்பிட எழும்பியபோது, நிஷாந்தியைத் தனியாகக் கூப்பிட்டார். பையில் மடிக்கணினி இருந்தது. கேட்கக் கூடாத நேரம் என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தவணைப் புள்ளி கொடுக்கவேண்டிய காலம், வேறு போக்கில்லை.

"மெனுவக் காணல்ல மகள். அப்டேட் ஆன பொறகு எங்கயுமில்ல."

நிஷாந்தி வாங்கிப் பார்த்தாள். புதிய பதிப்பு அதை அடியோடு கழற்றிவிட்டிருந்தது. தகப்பன் எப்படித் திரும்பப் பொருத்துவார் என்று பக்கத்தில் இருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், ஒருமுறையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தாள். என்னால் முடியாது ரீச்சர் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் உதவி என்ற இடத்தைத் தட்டினாள். பெயர்ப் பட்டியல் திறந்துகொண்டது. உலகத்து ஆட்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஓடின. இருவரும் குனிந்து பார்த்தார்கள். லுத்பியா வரவேண்டிய எல் எழுத்து வந்தது, போனது.

"இதுலதானே போடுறேண்டு சொன்னவர்," என்றார் ரீச்சர்.

நிஷாந்தி ஓம் என்று தலையாட்டினாள். மன்னியுங்கோ என்றாள்.

"பரவால்ல மகள்." ரீச்சர் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தார். "வராதவளுக்கு சைபர் போடாட்டிச் சரி."

வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு நிஷாந்தி திரும்பி வந்தாள். ரீச்சர் தன் பேரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த துண்டுத் தாள், பிறெடி ஒட்டிய இடத்திலேயே, கடைக் கொம்பியூட்டரின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. நவரத்தினம் அதைக் கழற்றவில்லை. அந்தப் பட்டியலில் லுத்பியாவின் பெயர் இன்றுவரை இல்லை.